வளவில் காய்ந்த பிரஷ்

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழஞ்சாமான் கடைகளைப் பார்த்துக்கொண்டே போனால், பர்மா அரக்குப் பெட்டிகளுக்கும் எனாமல் தூக்குச்சட்டிகளுக்கும் நடுவே ஏதாவதொரு கடையில் ஒரு தாம்பாளம் நிறையச் சவரச் சாமான்கள் கிடக்கும். மடக்குக் கத்தி, பித்தளைக் கிண்ணி, கைப்பிடி போட்ட சின்னக் கண்ணாடி, மூன்று துண்டாகக் கழலும் ரேசர், பிரஷ். கத்தியைச் சாணை பிடித்தால் இன்றைக்கும் மழிக்கும். கிண்ணியைப் புளி போட்டுத் தேய்த்தால் பளிச்சென்று ஆகிவிடும். பிரஷ்கள் அப்படி இல்லை. மயிர் பாதி கொட்டியிருக்கும். மிச்ச மயிரின் அடியில் சோப்புக் கறை சுண்ணாம்பாக இறுகியிருக்கும். மரப்பிடி நீளவாக்கில் வெடித்திருக்கும். நான் அவற்றைக் கையில் எடுத்து வெடிப்பு எந்தப் பக்கம் தொடங்கியிருக்கிறது என்று பார்ப்பேன். மயிர் பதித்த வாய்ப்பக்கமா, தரையில் நிற்கும் அடிப்பக்கமா? எப்படி வைத்துப் புழங்கினார்கள் என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

எங்கள் வீட்டில் ஒரு பிரஷ் கடைசிவரை வெடிக்காமல் இருந்தது. அது ஐயாவுடையது. அப்பச்சியின், அதாவது அப்பாவின், அப்பாவை நாங்கள் ஐயா என்போம். கொண்டுவிக்க, அதாவது வியாபாரத்துக்கு, பர்மாவுக்குப் போயிருந்தவர். 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் கைக்குப் போனபோது எத்தனையோ பேர் மலையும் காடும் கடந்து நடந்தே ஊர் வந்து சேர்ந்தார்கள். ஐயா அதற்கு முன்பே கப்பலில் திரும்பிவிட்டார். அவரோடு வந்த பெட்டியில் இருந்த பிரஷ் அது. பழுப்பு வெள்ளையில் தடித்த பன்றி மயிர், தேக்குப் பிடி, பிடியின் கழுத்தில் ஒரு பித்தளைப் பூண். 1960களில் நான் சிறுவனாக, நடுமுற்றமான வளவின் தூணைப் பிடித்துக்கொண்டு நின்று, அவர் முகம் மழிப்பதைப் பார்த்திருக்கிறேன்.

முதலில் ஒரு டம்ளரில் வெதுவெதுப்பான தண்ணீர் வரும். பிரஷ்ஷை அதில் தலைகீழாக நிறுத்துவார். மயிர் மட்டும்தான் தண்ணீருக்குள் இருக்கும்; பூண் வரைக்கும் தண்ணீர் ஏறாது. பிறகு பல் விளக்குவார், வாய் கொப்பளிப்பார், வேலையாட்களிடம் அன்றைய வேலையைச் சொல்லுவார். அதற்குள் மயிர் ஊறி இளகியிருக்கும். பன்றி மயிருக்கு இந்த ஊறல் அவசியம். மற்ற மயிர்கள் பெரும்பாலும் இழைகளுக்கு நடுவில்தான் தண்ணீரைப் பிடித்துவைக்கும். பன்றி மயிரோ தண்ணீரை இழைக்குள்ளேயே இழுத்துக்கொள்ளும். காய்ந்திருக்கும்போது கன்னத்தைக் குத்துகிற அதே மயிர் ஊறியபின் மெத்தென்று வளையும். ஊறாத பிரஷ்ஷை சோப்பில் வைத்து அழுத்தித் தேய்த்தால் இழைகள் முறியும். மயிர் கொட்டுகிறது என்று பலர் சொல்வது பல சமயம் இப்படி முறிந்ததுதான்.

இன்னொன்று. பன்றி மயிரின் நுனி இயற்கையிலேயே இரண்டு மூன்று கிளையாகப் பிளந்திருக்கும். புழங்கப் புழங்க அந்தப் பிளவு கூடும். கூடக்கூட நுனி பட்டுப்போல ஆகும், நுரையும் நிறையப் பிடிக்கும். புதுப் பிரஷ் முதல் வாரத்தில் முரடாக இருக்கும், மாட்டுத் தொழுவ வாசனைகூட அடிக்கும். ஷாம்பூவில் சில தடவை அலசி, நுரையோடு ஓர் இரவு வைத்து மறுநாள் கழுவினால் வாசனை போகும். முரட்டுத்தனம் போக மாதக்கணக்கில் புழங்க வேண்டும். அந்த மாதங்களைப் பொறுக்காமல் தூக்கிப் போடுகிறவர்கள், நல்ல பிரஷ்ஷின் வாசலிலேயே திரும்பிவிடுகிறார்கள்.

தண்ணீர் விஷயத்தில் ஐயா பிடிவாதக்காரர். காரைக்குடிக்குச் சம்பை ஊற்றுத் தண்ணீர் பேர்போனது. குடிக்க அதற்கு ஈடில்லை. ஆனாலும் மழை மாதங்களில் முகத்துக்கு மழைத்தண்ணீர்தான் கேட்பார். நாலு பக்க ஓட்டுச் சரிவிலிருந்தும் வளவுக்குள் விழும் தண்ணீரைப் பெரிய அண்டாக்களில் பிடித்து மூடிவைப்பது எங்கள் பக்கத்து வீடுகளின் வழக்கம். மழைத்தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து இல்லை. அதனால் சோப்பு உடனே நுரைக்கும். அலசினால் மிச்சமில்லாமல் போகும். கடினத் தண்ணீரில் சோப்பும் சுண்ணாம்பும் சேர்ந்து தண்ணீரில் கரையாத வெள்ளைக் கசடாக மாறிவிடும். அந்தக் கசடு இறங்கித் தங்குகிற இடம் மயிரின் அடிக்கட்டை. அங்கே தங்கியபின் மயிர் விரியாது, காற்றுப் புகாது, ஈரம் வெளியேறாது. நாள்பட நாள்பட மயிர் அடியிலேயே இற்றுப்போகும்.

மழித்து முடித்ததும் ஐயா பிரஷ்ஷை நன்றாக அலசி, வளவுக் கல்லை நோக்கி இரண்டு உதறு உதறுவார். துண்டில் மயிரை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மெல்லத் துடைப்பார். பிறகு இரண்டாம் கட்டில், வெயில் விழாத, ஆனால் காற்று ஓடுகிற நடையில், ஆணியில் மாட்டிய நூல் கண்ணியில் மயிர் கீழே பார்க்கத் தொங்கவிடுவார்.

அந்த இடத்தை அவருக்கு ஒதுக்கிக் கொடுத்தது அப்பத்தா. பிரஷ் பன்றி மயிர் என்பது அப்பத்தாவுக்குத் தெரியும். சாமி வீட்டுக்கும் அடுப்படிக்கும் பக்கத்தில் அது வரக்கூடாது.

"அந்தப் பண்டத்தை உள்ள கொண்டாராதீக" என்பார்கள். பெட்டிக்குள் வைத்துப் பூட்டக்கூட விடமாட்டார்கள். பெட்டிக்குள் துணிமணி இருக்கிறதே. அதனால் அந்தப் பிரஷ் வாழ்நாள் முழுவதும் காற்றிலேயே இருந்தது.

இதோடு சேர்த்து நாள் கணக்கும் உண்டு. செவ்வாய், வெள்ளி முகத்தில் கத்தி படக்கூடாது. அமாவாசை கூடாது. பிறந்த நட்சத்திரத்தன்று கூடாது. விரத நாட்களில் கூடாது. மற்ற நாட்களிலும் ஐயா நாள்விட்டு நாள்தான் மழிப்பார். ஆக, ஒரு தடவை நனைந்த பிரஷ்ஷுக்கு அடுத்த தடவை நனைவதற்குள் முழுக்கக் காய அவகாசம் கிடைத்தது. பன்றி மயிர் தண்ணீரை உள்ளுக்குள் இழுப்பதால் வெளியே தொட்டுப் பார்த்துக் காய்ந்துவிட்டது என்று நம்பக்கூடாது. அடிக்கட்டை காய ஒரு முழுநாளாவது வேண்டும். நாட்காட்டி பார்த்து மழித்த தலைமுறைக்கு அது தானாகவே கிடைத்தது. பிரஷ்ஷைக் காப்பாற்ற வேண்டும் என்று யாரும் இந்த விதிகளைப் போடவில்லை. வேறு காரணத்துக்காகப் போட்ட விதிகள் பிரஷ்ஷைக் காப்பாற்றின.

அந்த விதிகள் எல்லாமே நல்லவை என்று சொல்ல நான் வரவில்லை. பன்றி மயிரை உள்ளே விடாத அதே ஒழுங்குதான், எங்கள் வீட்டுக்கு வந்த நாவிதரையும் பின்கட்டு வாசலோடு நிறுத்தியது. அவர் அடைப்பத்தை அவிழ்த்துக் கத்தி, கிண்ணி, தீட்டும் தோல்வார் எல்லாவற்றையும் வரிசையாக எடுத்துவைப்பது இப்போதும் கண்ணில் நிற்கிறது. அவரிடம் பிரஷ் கிடையாது. கிண்ணித் தண்ணீரை விரலால் தொட்டுத் தொட்டுத் தாடையை நீவி நீவியே மயிரை இளக்கிவிடுவார். அந்த விரல்களின் வேலையை எந்தப் பிரஷ்ஷும் செய்ததில்லை. குழந்தைக்கு முதல் முடி எடுப்பதிலிருந்து மாப்பிள்ளைச் சவரம், கருமாதி வரைக்கும் குடும்பத்தின் எல்லா நாளிலும் அவர் வேண்டியிருந்தது. கூலி அறுவடை நெல்லாக அளக்கப்பட்டது. உட்கார்ந்து பேச ஒரு திண்ணை மட்டும் கொடுக்கப்படவில்லை. அந்த ஒழுங்கு போனது நல்லது. போகிற போக்கில் பிரஷ் காய்ந்த இடத்தையும் சேர்த்துக் கொண்டுபோய்விட்டது என்பதுதான் நான் இங்கே பேச வந்த சங்கதி.

பழைய பிரஷ்கள் பற்றி ஓர் எச்சரிக்கையையும் சொல்லிவிட வேண்டும். முதல் உலகப் போர்க் காலத்தில், சரியாகச் சுத்தப்படுத்தாத விலங்கு மயிரால் செய்த மலிவுப் பிரஷ்கள் வழியாக அடைப்பான் நோய், அதாவது ஆந்த்ராக்ஸ், பரவியது. பிரிட்டிஷ், அமெரிக்கப் படைவீரர்களிலும் பொதுமக்களிலும் 200 பேருக்கு மேல் பாதிக்கப்பட்டார்கள், இறந்தவர்களும் உண்டு. பெரும்பாலும் குதிரை மயிரை உயர்ந்த மயிராகச் சாயம் போட்டு விற்றவை அவை. கிழக்கு நாடுகளிலிருந்து போன மயிர். மழிக்கும்போது தோலில் விழும் நுண்ணிய கீறல் வழியே கிருமி உள்ளே போனது. அதன் பிறகுதான் பிரஷ் மயிரை முறைப்படி கிருமி நீக்க வேண்டும் என்ற கட்டுப்பாடுகள் வந்தன. அந்தக் கிருமியின் விதைத்துகள் பல பத்தாண்டுகள் உயிர்ப்போடு கிடக்கக்கூடியது. ஆகவே பழஞ்சாமான் கடையில் வாங்கிய பிரஷ்ஷின் பிடி எவ்வளவு அழகாக இருந்தாலும் அதன் பழைய மயிரை யாரும் முகத்தில் வைக்க வேண்டாம். பிடியை மட்டும் எடுத்துக்கொண்டு புது மயிர்க்கொத்துப் பதிக்கலாம். அதைப் பின்னால் சொல்கிறேன்.

மயிரின் வரலாறும் கொஞ்சம் சொல்லத் தகுந்ததுதான். பன்றியின் பிடரியிலும் முதுகிலும் வளரும் நீண்ட முரட்டு மயிரே பிரஷ்ஷுக்கு ஏற்றது. சீனத்தின் சுங்கிங் மயிர் உலகச் சந்தையில் தலைமையாக இருந்தது. இந்தியாவிலும் கான்பூர், ஜபல்பூர் பக்கம் மயிர் வணிகம் பெரியதாக நடந்தது; உத்தரப் பிரதேசத்தில் பிஜ்னோர் மாவட்டத்துச் சேர்கோட் இன்றைக்கும் பிரஷ் ஊர் என்றே அறியப்படுகிறது. 1938இல் அமெரிக்காவில் நைலான் இழை வைத்த பல் துலக்கும் பிரஷ் விற்பனைக்கு வந்தது. 1950 டிசம்பரில் அமெரிக்கா சீன வணிகத்தைத் தடைசெய்ததும் பன்றி மயிருக்குத் தட்டுப்பாடு வந்து, செயற்கை இழை இன்னும் வேகமாகப் புகுந்தது. இதற்கிடையே டின் நுரையும் வந்தது. நம்மூர்ச் சலூன்களில் பிரஷ் பின்வாங்கியதற்கு வேறொரு காரணமும் உண்டு. 1986இல் சென்னையில் மருத்துவர் சுனிதி சாலமனும் செல்லப்பன் நிர்மலாவும் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டறிந்த பிறகு, அடுத்தடுத்த ஆண்டுகளில் ஆளுக்கொரு புது அரை பிளேடு என்பது சலூன்களில் வழக்கமாயிற்று. எல்லோருக்கும் ஒரே பிரஷ் என்பதும் சந்தேகத்துக்கு உள்ளானது. அந்தச் சந்தேகம் நியாயமானதே. பிரஷ் ஒருவருக்கு ஒன்றாக இருக்க வேண்டிய பொருள்.

பன்றி மயிர் பிரஷ் அழியவில்லை. இத்தாலியில் பொலோன்யாவின் ஓமேகா 1931 முதல் செய்துவருகிறது. போர்ச்சுகலில் செமோக் இருக்கிறது. நம் இளைஞர்கள் பலர் இப்போது இவற்றை வரவழைத்துப் புழங்குகிறார்கள். என் மகனும் அவர்களில் ஒருவன். பார்க்க மகிழ்ச்சியாக இருக்கிறது.

ஆனால் அவன் வீடு சென்னையில் ஏழாவது மாடி. படுக்கையறையோடு ஒட்டிய குளியலறை. மேலே கைக்குட்டை அகலத்தில் ஒரு ஜன்னல், அதிலும் காற்றை வெளியே தள்ளும் விசிறி. குளிக்கும்போது மட்டும் சுற்றும். கீசரில் தண்ணீர் கொதிநிலைக்குப் பாதியைத் தாண்டி வரும். காலை எட்டு மணிக்குள் மழித்து, குளித்து, கதவைச் சாத்திவிட்டு ஓடுகிறான். வாரம் ஆறு நாள் இதே கதை. பிரஷ் சோப்புத் தட்டுக்குப் பக்கத்தில், வாஷ்பேசின் விளிம்பில், எப்போதும் ஈரம் நிற்கும் இடத்தில் நின்றது. அந்த மரப்பிடி ஒரு வருடம்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை. அடிப்பக்கம் ஒரு வெடிப்பு, வாய்ப்பக்கம் இன்னொன்று. பிரஷ் மட்டமானது என்றான் அவன். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஊருக்கு வந்தபோது அதைக் கொண்டுவரச் சொல்லி, எங்கள் வீட்டுக் கதவு நிலைகளைப் பழுதுபார்க்கும் ஆசாரியிடம் காட்டினேன்.

அவர் பிடியைத் திருப்பி அடியைப் பார்த்தார். ஈரத் துணியால் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். "அண்ணே, இது மரத்தோட நடுவையும் சேத்துக் கடைஞ்சிருக்காக. நடு உள்ள இருந்தா வெடிக்காம என்ன செய்யும்? உங்க வளவுத் தூணைப் பாருங்க" என்றார்.

வளவுத் தூண்கள் பர்மாத் தேக்கு. ஒவ்வொன்றும் ஒரு முழு மரம். கை வைத்துத் தடவினால் உச்சியிலிருந்து பாதம் வரை நீளக் கீறல் ஓடுவது தெரியும். சின்ன வயதில் அந்தக் கீறலுக்குள் பல்குச்சி சொருகி விளையாடியிருக்கிறோம். அதற்கும் கைக்குள் அடங்கும் ஒரு பிரஷ் பிடிக்கும் காரணம் ஒன்றுதான் என்று அன்றைக்கு ஆசாரி சொல்லித்தான் என் மனத்தில் பதிந்தது.

மரம் காயும்போது எல்லாத் திசையிலும் ஒரே அளவு சுருங்குவதில்லை. நீளத்தில் கிட்டத்தட்டச் சுருக்கமே இல்லை. நடுவிலிருந்து பட்டைக்குப் போகும் திசையில் தேக்கு சுமார் 2.5 சதவீதம் சுருங்கும். வளையங்களை ஒட்டிச் சுற்றிவரும் திசையில் சுமார் 5.8 சதவீதம். பச்சை மரம் எலும்பாகக் காயும்வரையிலான மொத்தக் கணக்கு இது. தேக்கு மற்ற பல மரங்களைவிடக் குறைவாகச் சுருங்குவது. அதிலேயே சுற்றளவு ஆரத்தைவிட இரண்டு மடங்குக்கு மேல் குறுகப் பார்க்கிறது. முழு வட்டத்தில் நடுவும் சேர்ந்து இருந்தால் அந்த இழுவைக்குப் போக்கிடம் கிடையாது. எங்காவது ஒரு கோட்டில் பிளந்தால்தான் ஆகும். பெரிய மரத்தின் வைரத்திலிருந்து, நடுவை விட்டு ஒதுங்கிய துண்டைக் கடைந்தால் இந்த ஆபத்து பெரிதும் குறையும். ஐயாவின் பிடி அப்படிப்பட்ட துண்டு. அடியில் வளையங்கள் நெருக்கமான வில்லாக ஒரு பக்கமாய் ஓடின. மையம் அதற்குள் இல்லை.

நல்ல துண்டில் கடைந்த பிடியும் வெடிக்கலாம். வாய்ப்பக்கத்து வெடிப்பு வேறு வகை. பிடியில் குழி தோண்டி, அதற்குள் மயிர்க்கொத்தின் அடியைப் பசையில் பதிக்கிறார்கள். பழைய காலத்தில் குங்கிலியம், இறுகிய ரப்பர், இப்போது எப்பாக்ஸி. அந்தப் பசைக்கட்டி சுருங்காது, விரியாது. அதைச் சுற்றியுள்ள மரமோ நனைந்தால் விரியும், காய்ந்தால் சுருங்கும். நனைந்து விரியும்போது பூணோ பசையோ தடுத்தால் மரநார் நசுங்கும். நசுங்கிய நார் காயும்போது முன்பிருந்ததைவிடச் சின்னதாகச் சுருங்கும். சுருங்க நினைக்கும் வளையத்துக்கு நடுவில் அசையாத கட்டி இருந்தால் வளையம் கிழியத்தான் செய்யும். ஒரு தடவையில் கிழியாது. நனைதல், காய்தல், நனைதல், காய்தல் என்று நூற்றுக்கணக்கில் நடக்கும்போது கிழியும். அதிலும் நனைந்த பிடியை நேரே வெயிலில் வைத்தால் மேல்தோல் மட்டும் வேகமாகக் காய்ந்து சுருங்க, உள்ளே ஈரம் விரிந்தே நிற்க, வெடிப்பு சீக்கிரம் வரும். காய்வது அவசியம், வெயில் அவசியமில்லை. நிழலும் காற்றும் போதும்.

பூண் இங்கே இரண்டு பக்கமும் வேலை செய்கிறது. உலக்கைக்குப் பூண் போடுவது இடிக்கும்போது மரம் பிளக்காமல் இறுக்கிப் பிடிக்கத்தான். பிரஷ் பிடியின் பூணும் அப்படியே வாயைக் கட்டிப்போடுகிறது. ஆனால் பூணுக்கும் மரத்துக்கும் நடுவில் மயிரிழை இடைவெளி இருந்தாலும் தண்ணீர் அங்கே போய் உட்கார்ந்துகொள்ளும். வெளியே தெரியாது, காயாது. ஐயா பூண் வரைக்கும் தண்ணீர் ஏறவிடாமல் இருந்ததன் அர்த்தம் இதுதான்.

அடிப்பக்கத்து வெடிப்பு ஈர விளிம்பில் நிற்பதால் வருவது. மரத்தின் குறுக்குவெட்டு முகம் பக்கவாட்டு முகத்தைவிடப் பல மடங்கு வேகமாகத் தண்ணீரை உறிஞ்சும். மரம் உயிரோடு இருந்தபோது நீர் ஓடிய குழாய்களின் வாய்கள் அங்கேதான் திறந்திருக்கின்றன. பிரஷ் பிடியின் அடியும் குழியின் தரையும் குறுக்குவெட்டு முகங்கள். கடைகிறவர்கள் கண்ணுக்குத் தெரியும் பக்கத்துக்கெல்லாம் பளபளப்பு ஏற்றிவிட்டு இந்த இரண்டையும் வெறுமையாக விட்டுவிடுவது எனக்கு வருத்தம் தரும் விஷயம். பூச்சு எங்கே முக்கியமோ அங்கேதான் இல்லை.

பூச்சிலும் தேர்வு வேண்டும். ஊரில் மரம் என்றால் உடனே தேங்காய் எண்ணெயைத் தடவுவார்கள். தேங்காய் எண்ணெய் எத்தனை நாளானாலும் இறுகாது. பளபளப்பைக் கொடுக்கும், தண்ணீரைத் தடுக்காது, தூசியைப் பிடிக்கும். விளக்கெண்ணெயும் அப்படித்தான். காற்றுப்பட்டு இறுகுகிற எண்ணெய் வேண்டும்: ஆளிவிதை எண்ணெய், டங் எண்ணெய். மெல்லிசாகத் தடவி, கால் மணி கழித்து மிச்சத்தைத் துடைத்து, இறுக விட்டு, மறுபடி தடவ வேண்டும். ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போடக்கூடாது. தானாகச் சூடேறித் தீப்பிடிக்கக்கூடியது. விரித்துக் காயவைத்துத்தான் போட வேண்டும். வெளிவாசல் கதவுக்கு அடிக்கும் நல்ல வார்னிஷ் இன்னும் உறுதி. தேக்காக இருந்தால் அதில் இயல்பாகவே எண்ணெய்ப் பசை உண்டு. தின்னரால் ஒரு தடவை துடைத்துவிட்டுப் பூசினால்தான் வார்னிஷ் பிடிக்கும். அரக்குப் பாலிஷ், நாற்காலிக்கு எவ்வளவு அழகோ அவ்வளவு பிரஷ்ஷுக்கு ஆகாது: தண்ணீர் பட்டுப்பட்டு வெள்ளை பூத்துவிடும்.

மகனின் பிடியைக் காப்பாற்ற முடிந்தது. ஆசாரி முதலில் அதை நிழலில் வாரக்கணக்கில் சும்மா வைத்தார். வெடிப்பு எவ்வளவு விரிய வேண்டுமோ விரியட்டும் என்றார். ஈரம் இருக்கும்போது அடைத்தால் காய்ந்ததும் பக்கத்தில் இன்னொன்று வெடிக்கும். பிறகு தண்ணீர்போல ஓடும் சூப்பர் பசையை வெடிப்புக்குள் சொட்டுச் சொட்டாக இறக்கி, மேலே தேக்குத் தூளை அமுக்கி, காய்ந்ததும் உப்புத்தாள் போட்டார். பழைய மயிர்க்கொத்தைப் பிடுங்கி எடுத்துக் குழியைச் சுரண்டினார். குழியின் உள்சுவர், தரை, பிடியின் அடி மூன்றுக்கும் வார்னிஷ். அதற்குப் பின்தான் புதுக் கொத்தைப் பதித்தது. கொத்து இப்போது தனியாகவே விலைக்குக் கிடைக்கிறது. குழியின் அகலத்துக்கு ஏற்ற அளவு பார்த்து வாங்க வேண்டும், அவ்வளவுதான். ஒட்ட வைத்த எப்பாக்ஸி சாதாரணமாக 60 டிகிரி வாக்கில் இளகத் தொடங்கும். கீசர் தண்ணீரை நேரே பிரஷ்ஷில் திறந்துவிட வேண்டாம் என்று மகனிடம் சொன்னதற்கு அது ஒரு காரணம். மயிரும் அந்தச் சூட்டில் மொறுமொறுப்பாகும் என்பது இன்னொன்று. கை தாங்கும் சூடு போதும்.

சென்னையில் மழைத்தண்ணீர் அண்டா இல்லை. லாரித் தண்ணீரோ போர் தண்ணீரோ வருகிறது, கடினத் தண்ணீர். அதற்கு வழி இருக்கிறது. மாதம் ஒரு தடவை, ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு ஸ்பூன் வினிகர் விட்டு, மயிரை மட்டும் ஐந்து நிமிடம் ஊறவைத்து, நல்ல தண்ணீரில் அலசினால் சுண்ணாம்புக் கசடு விட்டுப்போகும். குடிக்கிற தண்ணீரில் கடைசி அலசு அலசினால் இன்னும் நல்லது. ஊருக்குப் போகும்போது ஈரப் பிரஷ்ஷைப் பிளாஸ்டிக் டப்பாவில் அடைக்கவே கூடாது, பூஞ்சணம் பிடிக்கும். மாதக்கணக்கில் வைத்துப் போவதானால் நன்றாகக் காயவிட்டு, காய்ந்த வேப்பிலையோடு துணியில் சுற்றி வைக்கலாம். மயிர் என்பதால் கம்பளித் துணியை அரிக்கும் பூச்சி இதையும் அரிக்கும்.

தொங்கவிடுவதா, நிறுத்திவைப்பதா என்று இதைப் புழங்குகிறவர்களுக்குள் ஓயாத வழக்கு உண்டு. உதறித் துடைத்த பிறகு மயிருக்குள் இருக்கும் மிச்ச ஈரம் கீழே வடிவதில்லை, ஆவியாகத்தான் போகிறது. ஆகவே எப்படி நின்றாலும் பெரிய வித்தியாசம் இல்லை. காற்று இருந்தால் போதும். ஆனாலும் மரப்பிடி என்றால் தொங்கவிடுவதே என் கட்சி. அடி ஈரத்தில் நிற்காது என்ற ஒரு காரணமே எனக்குப் போதும்.

காரைக்குடி வீட்டை இப்போது முன்னோர் படைப்புக்கும் கல்யாணத்துக்கும்தான் திறக்கிறோம். ஐயாவின் ஆணி நடையில் அப்படியே இருக்கிறது என்றாலும், அங்கே மழிக்க ஆளில்லை. மகன் வீட்டில் காற்று ஓடும் ஒரே இடம் துணி காயப்போடும் பால்கனி. கொடிக் கம்பிக்குப் பக்கத்தில், மேல்மாடி நிழல் விழும் சுவரில், மருமகள் ஒரு கொக்கியைப் பொருத்திக் கொடுத்தாள். செவ்வாய், வெள்ளி பார்க்காமல் மழிக்கிற பிள்ளை அவன். பார்க்கச் சொல்லவும் எனக்கு விருப்பமில்லை. அதற்குப் பதிலாக இன்னொரு பிரஷ் வாங்கிக்கொள்ளச் சொன்னேன். வாங்கிவிட்டான். கொக்கியும் இரண்டானது, ஒரு நாள் இது, மறுநாள் அது என்று முறை வைத்துப் புழங்குகிறான்.